காட்டோரம் இரவு முகாம்: குதிரையை எதில் கட்டுவது?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கேஸ்கேட் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் பரந்து கிடக்கிறது டெஷூட்ஸ் தேசியக் காடு. மெட்டோலியஸ் – விண்டிகோ என்ற குதிரைப் பாதை 160 கிலோமீட்டருக்கும் மேலாக இந்தச் சரிவை ஒட்டி ஓடுகிறது. பாதையோரம் குதிரைக்காரர்களுக்கென்றே ஒதுக்கிய முகாம்களும் உண்டு. பகலில் வந்து சவாரி செய்துவிட்டுத் திரும்புகிறவருக்குப் பெரிய தலைவலி எதுவும் இல்லை. இரவு தங்குவதென்றால்தான் கேள்வி வரும். 500 கிலோ எடையுள்ள, இருட்டில் ஒரு மான் சலசலத்தாலே மிரளக்கூடிய பிராணியைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எதில் நிறுத்தி வைப்பது?

வழிகள் பல: முகாமிலேயே கட்டிவைத்திருக்கும் பட்டி, குதிரையை ஏற்றிவந்த டிரெய்லரின் பக்கவாட்டு, இரண்டு மரங்களுக்கு நடுவே தலைக்கு மேல் இழுத்துக் கட்டும் ஹைலைன் கயிறு, கையோடு கொண்டுபோகும் மின்வேலி, இரும்புத் தட்டி அடைப்பு, பழைய காலத்து முளையும் தளையும். கடைக்காரரைக் கேட்டால் எல்லாமே நல்லது என்பார். எது சரி என்பதை உண்மையில் தீர்மானிப்பது காலுக்குக் கீழே இருக்கும் மண்.

இந்தக் காட்டு மண்ணின் கதை சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. தெற்கே மசாமா என்ற எரிமலை வெடித்தது. அது இடிந்து உள்வாங்கிய பள்ளம்தான் இன்றைய கிரேட்டர் ஏரி. அப்போது பறந்து வந்து படிந்த நுரைக்கல் துகளும் சாம்பலும் காட்டின் பெரும்பகுதியை, தெற்குப் பக்கத்தை இன்னும் கனமாக, மூடியிருக்கின்றன. குளிக்கும்போது குதிகால் தேய்க்கிறோமே, அதே கல்தான் இங்கே பொடியாகவும் பட்டாணி அளவிலும் கிடக்கிறது. தண்ணீர் ஊற்றினால் இறங்கிவிடும், கோடையில் எலும்பாகக் காயும், எதையும் இறுக்கிப் பிடிக்காது. கீழே சொல்லப்போகும் பல தொல்லைகளுக்கு வேர் இதுதான்.

முகாமின் பட்டி

முதல்முறை வருகிறவர் இதிலிருந்து தொடங்குவதே நல்லது. கேஸ்கேட் லேக்ஸ் நெடுஞ்சாலையில் எல்க் ஏரிக்கு அருகே இருக்கும் குவின் மெடோ குதிரை முகாமில் ஒவ்வொரு கூடார இடத்தோடும் மரப் பட்டிகள் சேர்ந்தே வருகின்றன. குதிரை உள்ளே திரும்பலாம், படுக்கலாம், உருளலாம். கயிறே இல்லாததால் கயிற்றில் கால் மாட்டும் பேச்சுக்கே இடமில்லை.

படுப்பதை ஏன் சொல்கிறோம் என்றால், குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது பாதி உண்மைதான். ஆழ்ந்த கனவுத் தூக்கம் நாளுக்கு அரை மணி நேரமாவது வேண்டும், அது படுத்தால்தான் வரும். ஓர் இரவு விட்டுப்போனால் பரவாயில்லை. பல நாள் தொடர்ந்தால் நிற்கும்போதே முழங்கால் மடங்கிச் சரியும். எந்த வழியை எடை போட்டாலும் “இதில் படுக்க முடியுமா?” என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பட்டியின் தொல்லைகள் வேறு வகை. நேற்று அதில் நின்றது யாருடைய குதிரையோ. சளியோடு தொற்றும் ஸ்ட்ராங்கிள்ஸ் போன்ற நோய்கள் தண்ணீர்த் தொட்டி வழியாகப் பரவும் என்பதால் பொதுத் தொட்டியைத் தொடாமல் சொந்த வாளியை மாட்டவேண்டும். உள்ளே விடுமுன் குறுக்குக் கட்டைகளைக் கையால் தடவி, துருத்திய ஆணி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கதவுத் தாழ்ப்பாளை உதட்டாலேயே திறக்கப் பழகிய குதிரைகள் நிறைய, அதனால் ஒரு சங்கிலியும் கொக்கியும் கூடவே போகட்டும். இரண்டு குதிரைக்கான பட்டியில் ஒன்றுக்கொன்று பிடிக்காத இரண்டை விட்டால் ஒதுங்க இடம் கிடையாது. காலையில் உதை வாங்கிய காலைத்தான் பார்ப்பீர்கள். கோடை வார இறுதிக்கு முன்பதிவு இல்லாமல் போனால் இடமே கிடைக்காது என்பதையும் கணக்கில் வைக்கவேண்டும்.

டிரெய்லரில் கட்டுவது

செலவில்லாத வழி, அதனாலேயே பலர் தேர்ந்தெடுப்பது. ஓர் இரவுக்கு ஒப்பலாம், மூன்று இரவுக்கு ஒப்பமுடியாது. பிடிகயிற்றை முன்முதுகின் உயரத்துக்கோ அதற்கு மேலோ கட்டவேண்டும். தாழக் கட்டினால் பின்னுக்கு இழுக்கும் குதிரைக்குக் கழுத்துச் சுளுக்கும், முன்னுக்கு வரும் குதிரைக்குக் கயிற்றின் மேல் காலும் நிச்சயம். அந்த உயரத்தில் குட்டையாகக் கட்டினால் படுக்க முடியாது. படுக்கட்டும் என்று நீட்டினால் குளம்பு சக்கர மூடியின் அடியில் போய் மாட்டும். டிரெய்லர் கூரையிலிருந்து நீளும் வளையும் கை ஒன்று விற்கிறார்கள். கயிறு மேலிருந்து தொங்குவதால் இந்தச் சிக்கலைப் பெருமளவு அது தீர்க்கிறது. வாங்குவதானால் அதை வாங்குங்கள்.

டிரெய்லர் வண்டியோடு பூட்டியே இருக்கவேண்டும், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவேண்டும். கழற்றி நிறுத்திய வெற்று டிரெய்லரை மிரண்ட குதிரை இழுத்து நகர்த்திவிடும். பதிவெண் தகடு, கதவுக் கொக்கி, மூடியின் ஓரம் என்று குதிரையின் கண்ணுக்கும் உதட்டுக்கும் எட்டும் கூர்முனைகளைத் துணியாலும் டேப்பாலும் மூடவேண்டும். இரவெல்லாம் தகரத்தில் முகம் உரசும் சத்தத்தில் உங்கள் தூக்கமும் பக்கத்துக் கூடாரத்தாரின் நட்பும் போகும்.

ஹைலைன்

குதிரையோடு காட்டில் தங்க நினைப்பவர் எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதைக் கற்றுக்கொண்டே தீரவேண்டும் என்பது எங்கள் கருத்து. மொத்தப் பொருளும் ஒரு சேணப்பையில் அடங்கும். பட்டி நிரம்பியிருந்தாலும், மின்வேலி செத்துப்போனாலும், வண்டி போகாத உட்காட்டில் தங்கினாலும் கைகொடுப்பது இதுதான். மண் எப்படி இருந்தாலும் பிடிமானத்துக்குக் கவலையில்லை, அது மரத்தில் இருக்கிறது.

வேண்டியவை: 12 மில்லிமீட்டர் தடிமனில், நீளாத பாலியெஸ்டர் கயிறு 15 முதல் 18 மீட்டர், 5 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலத்தில் மரத்தைச் சுற்றிக் கட்டும் இரண்டு வார்கள் (மரவார்), குதிரைக்கு ஒன்று வீதம் கயிற்றில் சுற்றி நிறுத்தும் உலோக வளையம், சுழலும் கொக்கி வைத்த பிடிகயிறு. நைலான் கயிறு வேண்டாம். குதிரையின் இழுப்பில் அது நீண்டு, விடியும்போது துணி காயப்போட்ட கொடி மாதிரித் தொங்கும்.

உயிருள்ள, 20 சென்டிமீட்டராவது விட்டமுள்ள இரண்டு மரங்களைப் பாருங்கள். இந்தக் காட்டில் லாட்ஜ்போல் பைன் நிறைய. அதற்குத் தோல் மெல்லிது, வேர் மேலோட்டம். வண்டு தாக்கிப் பட்டுப்போய் நிற்பவையும் உண்டு; பட்டமரத்தில் கட்டினால் குதிரை இழுக்கிற இழுப்பில் மரமே மேலே வரும். தடித்த பட்டையுள்ள பாண்டரோசா பைன் கிடைத்தால் அதை விடாதீர்கள். வாரைத் தரையிலிருந்து 2.1 மீட்டர் உயரத்துக்கு மேல் சுற்றவேண்டும், உயரமான குதிரைக்கு 2.4 மீட்டர். சேணம் போட்ட குதிரைமேல் இருந்தபடி சுற்றுவது சுலபம், இல்லாவிட்டால் கவிழ்த்த வாளி போதும். கயிற்றின் ஒரு முனையை வாரில் முடிந்து, மறுமுனையை லாரியில் பாரம் இறுக்குகிற அந்த வளைய முடிச்சால் இரண்டு ஆள் பலத்தில் இழுத்துப் பூட்டுங்கள். கடைசிச் சுற்று ஒரே இழுப்பில் அவிழ்வதாக இருக்கட்டும். முதல் அரை மணி நேரத்தில் எப்படியும் தளரும், மறுபடி இறுக்கவேண்டும்.

மரத்திலிருந்து முதல் வளையம் 1.8 மீட்டராவது தள்ளியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் குதிரை பட்டையைக் கடிக்கும், வேரைத் தோண்டும். சுற்றிலும் பட்டை உரிந்த மரம் பிழைக்காது. இரண்டு குதிரைக்கு நடுவே 3.6 மீட்டர்.

பிடிகயிற்றின் நீளத்தில்தான் பலர் தவறுகிறார்கள். குதிரை தலையைத் தாழ்த்தினால் மூக்கு தரையைத் தொடவேண்டும், அவ்வளவே. தலை நிமிர்ந்து நிற்கையில் தொங்கும் வளைவு முழங்கால் மட்டத்துக்கு இறங்கினால் நீளம் அதிகம். ஒரு சாண் குறையுங்கள். தரைக்கு மூக்கே எட்டவில்லையென்றால் குதிரை படுக்காமல் நிற்கும். முகத்தில் கடிவாளம் கூடாது, வாய்க்குள் இரும்பு போகாத முகப்பட்டையான ஹால்ட்டர் மட்டும். கடிவாளத்தோடு கட்டிய குதிரை மிரண்டு இழுத்தால் வாயும் நாக்கும் கிழியும்.

இந்த மண்ணில் ஹைலைனுக்கு இருக்கும் ஒரே பெரிய தொல்லை, முன்காலால் பறிப்பது. சலிப்படைந்த குதிரை ஒரே இரவில் நுரைக்கல் தரையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி பறித்துவிடும். அப்போது கயிற்றின் உயரக் கணக்கே மாறிப்போகிறது: குழிக்குள் நிற்கும் குதிரைக்குக் கயிறு குட்டை. பறிக்கிற பழக்கம் உள்ளதற்கு ஹைலைனில் நிற்கும்போதே முன்கால் தளை போட்டுவிடுவது பொதிக்குதிரைக்காரர்களின் பழைய உத்தி, வேலை செய்கிறது. தளை ஏற்கெனவே பழகியிருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை.

புல் கொடுப்பதிலும் மண் குறுக்கிடுகிறது. தரையில் போட்டால் புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கி மணல் சூலை என்ற வயிற்றுவலியைக் கொண்டுவரும். வலைப்பையில் போட்டால், காலியான பை தொங்கிக் குளம்பை மாட்டும். வலையை உயரத்தில், காலியானாலும் மார்புக்குக் கீழே இறங்காதபடி கட்டுங்கள். அல்லது தரையில் ஒரு தார்ப்பாய் விரித்துப் போட்டு, தின்று முடித்ததும் பாயை எடுத்துவிடுங்கள்.

மின்வேலி

தமிழ்நாட்டு வாசகருக்கு மின்வேலி என்றதும் வீட்டு மின்சாரத்தைத் திருட்டுத்தனமாகக் கம்பியில் கொடுத்து யானையைச் சாகடிக்கும் செய்திகள்தான் நினைவுக்கு வரும். இது வேறு. டார்ச் பேட்டரியில் ஓடும் சிறு பெட்டி ஒன்று நொடிக்கு ஒருமுறை, கண்ணிமைப்பதற்குள் முடிந்துபோகும் துடிப்பைத்தான் அனுப்பும். பல ஆயிரம் வோல்ட் என்றாலும் சுரீரென்று சுடும், உயிருக்கு ஆபத்தில்லை. நம்மூர்க் காட்டோரத்தில் முறையாகப் போடும் சூரிய மின்வேலியின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம், இரண்டு வரிசை நாடா: 80 மீட்டர் நாடா, காலால் மிதித்து நடும் கம்பங்கள் 14, பெட்டி ஒன்று, தரையில் இறக்கும் எர்த் கம்பி ஒன்று. அரை மணி நேரத்தில் ஆகிவிடும். இரண்டு குதிரை உலவலாம், புரளலாம், மேயலாம். சுகத்தில் முகாம் பட்டியையே விஞ்சும்.

மின்சாரம் எப்படித் திரும்புகிறது என்பதில்தான் சறுக்கல். நாடாவைத் தொட்ட மூக்கு வழியாக இறங்கும் துடிப்பு, குளம்பு, மண், எர்த் கம்பி என்று சுற்றிப் பெட்டிக்கு வந்தாகவேண்டும். ஆகஸ்டு மாதத்து நுரைக்கல் மண்ணில் ஈரமே இல்லை, சுற்று முடிவதில்லை. பெட்டி டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், குதிரைக்கோ ஒன்றும் உறைக்காது. குதிரைகள் இதை நாம் நினைப்பதைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுகின்றன. எர்த் கம்பியைச் சுற்றி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது ஒரு மணி நேர மருந்து. நிலையான மருந்து ஒன்று உண்டு: மேல் நாடாவை மின்சாரத்திலும் கீழ் நாடாவை எர்த்திலும் இணைத்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே தலை நுழைக்கும் குதிரைக்கு மண்ணின் உதவியே இல்லாமல் அடி விழும். மேல் நாடாவை மட்டும் தொட்டால் ஒன்றும் ஆகாது என்ற ஓட்டை இதில் இருக்கிறது, ஆனாலும் வெறும் நாடாவைவிட மேல். சோதனை மீட்டர் 3,000 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அந்த இரவு ஹைலைனுக்கு மாறிவிடுங்கள்.

இன்னொன்று, கம்பம். இந்த மண்ணில் விரலால் தள்ளினாலே சாயும், மூலைக் கம்பங்களைக் கயிறு போட்டு இரு பக்கமும் இழுத்துக் கட்டவேண்டும். ஆனால் எந்த இழுப்பும் உதவாத ஒரு விருந்தாளி உண்டு. இரவில் எல்க் மான் கூட்டம் ஒன்று ஓடிவந்து நாடாவை அறுத்துக்கொண்டு போனால் வேலி முடிந்தது. ஹைலைன் தவறினால் ஒரு குதிரை அவிழும், வேலி தவறினால் எல்லாமே போகும்; இருட்டில், நெடுஞ்சாலை இருக்கும் பக்கமாகவும் போகலாம். அதனால்தான் மூன்று நான்கு குதிரையோடு வருகிறவர்கள் மற்றவை பின்தொடரும் தலைமைப் பெட்டையை மட்டும் ஹைலைனில் கட்டிவிட்டு மீதியை வேலிக்குள் விடுகிறார்கள். தலைவி இருக்கும் இடத்தை விட்டு மற்றவை அதிக தூரம் போகாது.

இரும்புத் தட்டி

மூன்று மீட்டர் தட்டிகள் ஆறு சேர்த்தால் 18 மீட்டர் சுற்றளவு, ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த விட்டம். ஒரு குதிரைக்குப் போதும். டிரெய்லரின் பக்கத்தில் கொக்கி போட்டு ஏற்றிவரலாம். தட்டி ஒன்று 20 கிலோவுக்கு மேல், ஆகவே ஒரு குதிரைக்கே 120 கிலோ கூடுதல் பாரம். அத்தனையும் ஒரே பக்கத்தில் தொங்குவதால் டிரெய்லர் ஒருச்சாய்ந்து ஓடும். அடைப்புக்குத் தரையில் பிடிமானம் இல்லாததால், பின்புறத்தைச் சொறிய உரசுகிற குதிரை அடைப்பையே அங்குலம் அங்குலமாக நகர்த்திவிடும். கீழ்க்கம்பியின் அடியில் கால் நுழைந்த நிலையில் மிரண்டால் அடைப்பைத் தூக்கிக்கொண்டே ஓடும், பார்க்கச் சகிக்காது. குறைந்தது இரண்டு தட்டியையாவது டிரெய்லரோடு சங்கிலியால் பூட்டுங்கள். ஒரே முகாமில் ஒரு வாரம் தங்குகிறவருக்குப் பொருந்தும், தினம் இடம் மாறுகிறவருக்கு வீண் சுமை. முகாமுக்கு முகாம் விதி மாறுவதால், தட்டி போட அனுமதி உண்டா என்று வனத்துறை அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளவேண்டும்.

முளையும் தளையும்

முளை என்றால் இங்கே வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். இறுகிய களிமண்ணில் 60 சென்டிமீட்டர் இரும்பு முளையை அடித்து, ஒரு முன்காலில் வார் போட்டு, 9 மீட்டர் கயிற்றில் விடுவது புல்வெளி நாட்டில் நல்ல முறை. நுரைக்கல்லில் முளை ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வரும். ஓடும் குதிரையின் பின்னால் 9 மீட்டர் கயிற்று முனையில் இரும்புத் துண்டு துள்ளிக்கொண்டு வரும். அது பின்காலில் அடிக்க அடிக்கக் குதிரை இன்னும் வேகமெடுக்கும். ஈரப் புல்வெளியில் முளை நிற்கும்தான். ஆனால் அங்கே மண் மிதிபட்டுக் குழம்பும், நீர்நிலைக்குப் பக்கமாகவும் ஆகிவிடும்.

தளை மேய்ச்சலுக்கு உதவும், இரவுக் காவலுக்கு உதவாது. முன்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஓடாது என்று நம்புகிறவர்கள் ஒரு முறை பார்க்கவேண்டும்: பழகிய குதிரை இரண்டு காலையும் சேர்த்து முயல் மாதிரித் தாவிக் கிலோமீட்டர் கணக்கில் போகும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், கழுத்தில் மணி கட்டி, உங்கள் கண் எதிரே மேயவிடுங்கள். அந்த நேரத்தில் ஒரு குதிரையைக் கட்டியே வையுங்கள். போனவற்றைத் துரத்திப் பிடிக்க அதுதான் வாகனம். தோல் தளையின் உட்புறத்தை ஒவ்வொரு முறையும் தடவிப்பாருங்கள். மணல் ஒட்டியிருந்தால் உப்புத்தாள் மாதிரிக் காலை அறுக்கும். வீட்டில் உலர்புல் மட்டுமே தின்ற குதிரையை முதல்நாளே மணிக்கணக்கில் பசும்புல்லில் விட்டால் வயிறும் குளம்பும் சேர்ந்து கெடும். அரை மணி நேரத்தில் தொடங்குங்கள்.

எதைத் தேர்ந்தாலும் மாறாதவை

நீர்நிலை, பாதை, பிறர் கூடாரம் மூன்றிலிருந்தும் 60 மீட்டர் தள்ளியே உட்காட்டில் குதிரையைக் கட்டவேண்டும். ஓரிகனின் தேசியக் காடுகளுக்குள் களைவிதை இல்லையென்று சான்று பெற்ற உலர்புல்தான் கொண்டுபோகலாம். நாளுக்குக் குதிரைக்கு 8 முதல் 10 கிலோ வேண்டியிருக்கும். வீட்டுப் புல்லிலிருந்து இந்தப் புல்லுக்கு மாறுவதைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கிவிடவேண்டும். தண்ணீர் 25 முதல் 40 லிட்டர், வெயில் நாளில் அதற்கும் மேல். தானியத்தை டிரெய்லருக்குள் பூட்டுங்கள்: கரடிக்காக மட்டுமில்லை, இரவில் அவிழ்ந்த குதிரை முதலில் தேடிப்போவதும் அந்த மூட்டையைத்தான், வயிறுமுட்டத் தின்றால் காலையில் கால்நடை மருத்துவர் தேவைப்படுவார். த்ரீ சிஸ்டர்ஸ் உள்ளிட்ட வனப்பகுதிகளில் இரவு தங்க 2021 முதல் கோடைப் பருவத்தில் தனி அனுமதிச்சீட்டு கட்டாயம்.

எங்கள் தேர்வு இப்படி. முதல் பயணம் என்றால் முகாம் பட்டி, டிரெய்லரில் ஹைலைன் சாமான் தயாராக. ஒரே குதிரை, ஒரே இரவு, பட்டி கிடைக்கவில்லை என்றால் ஹைலைனோ மேலே நீளும் டிரெய்லர் கையோ. இரண்டு மூன்று இரவு, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் இரண்டு குதிரை, ஜூன் மாத ஈரம் இன்னும் மண்ணில் இருக்கிறது என்றால் மின்வேலி. அதே ஆட்கள் ஆகஸ்டில் வந்தால் மறுபடி ஹைலைன். உட்காட்டுக்குப் போகிறவருக்கு ஹைலைன், கூடவே தளை.

எதுவானாலும் குதிரை அதை முதன்முதலில் பார்க்கும் இடம் காடாக இருக்கக்கூடாது. வீட்டுக் கொல்லையில் ஹைலைன் கட்டி, முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் மூன்று மணி நேரம், அடுத்து ஒரு முழு இரவு நிற்கவையுங்கள். மின்வேலி என்றால் பகல் வெளிச்சத்தில், வலுவான வேலிக்கு உள்ளே நாடாவைக் கட்டி, குதிரையே மூக்கை வைத்துத் தெரிந்துகொள்ளட்டும். ஹால்ட்டரில் உங்கள் தொலைபேசி எண் எழுதிய தகடு. படுக்கப் போகும்போது தலைமாட்டில் நெற்றி விளக்கு, ஒரு கூரான மடக்குக்கத்தி, ஒரு பிடிகயிறு: மூன்றும் இருட்டில் கைநீட்டினால் கிடைக்கும் இடத்தில். காலையில் கிளம்புமுன் பறித்த குழிகளை மூடி, சாணத்தைக் காலால் கலைத்து, சிந்திய புல்லைப் பொறுக்கி, மரவாரை அவிழ்த்த இடத்தில் பட்டை உரிந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். உரிந்திருந்தால் அடுத்த முறை இன்னும் அகலமான வார் தேவை.